கோடையில் ஒட்டகக் கன்றை எவ்வளவு நேரம் மேய்க்கலாம்?

கேள்வி: நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். ஓமானில் பிதியாவுக்குத் தெற்கே, ஷர்க்கியா மணல்பகுதியின் ஓரத்தில் ஓர் ஒட்டகப் பட்டியில் வேலை பார்க்கிறேன். ஊரில் எங்கள் வீட்டில் வெள்ளாடு உண்டு. ஒட்டகம் இங்கே வந்துதான் பழக்கம். பதினெட்டுத் தாய் ஒட்டகங்கள், குளிர்காலத்தில் பிறந்த ஏழு கன்றுகள், போன வருஷத்துக் கன்றுகள் நான்கு என் பொறுப்பில் இருக்கின்றன. “வெயிலில் நடந்தால்தான் கன்று உறுதிப்படும், பொழுதுக்கும் தாயோடு விடு” என்கிறார் முதலாளி. மே மாதம் தொடங்கியதிலிருந்து இரண்டு கன்றுகள் பத்து மணிக்கு மேல் நடக்காமல் படுத்துவிடுகின்றன. ஒன்றுக்கு நான்கு நாளாகக் கழிச்சல். இன்னொன்று மணலை அள்ளித் தின்கிறது. எத்தனை மணி நேரம் மேய்க்கலாம், எந்தச் செடி ஆகும், எது ஆகாது? போன வருஷத்துக் கன்றுகளுக்குப் பால்குடியை இப்போதே மறக்கடிக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தம்பி, மற்றதெல்லாம் பிறகு. நான்கு நாளாகக் கழியும் கன்றை இன்றைக்கே மேய்ச்சலிலிருந்து நிறுத்திவிடுங்கள். தாயையும் அதனோடு நிழலில் வையுங்கள். பாலை மறிக்க வேண்டாம். கழிச்சல் என்றதும் பாலை நிறுத்துகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அது கன்றை மேலும் வாட்டும். இந்த வயதில் கழிச்சலில் கன்று சாவது பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். 70 கிலோ கன்று தன் எடையில் நூற்றில் ஆறு பங்கு நீரை இழந்தால் கணக்கு நான்கு லிட்டருக்கு மேல் வரும். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கரையுங்கள். மணிக்கு அரை லிட்டர் வீதம், ரப்பர் காம்பு மாட்டிய பாட்டிலில், கன்று தானாக உறிஞ்சும்படி கொடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டுப் பாருங்கள். நலமான கன்றுக்குச் சட்டென்று படிந்துவிடும். மடிப்பு அப்படியே நின்றால், கண் உள்ளே போயிருந்தால், வாய்க்குள் விரல் வைக்கும்போது சில்லிட்டிருந்தால், உறிஞ்சவே மறுத்தால், வாய்வழியாகக் கொடுப்பது போதாது. நரம்பில் நீர் ஏற்ற வேண்டும். சாணத்தில் ரத்தம் கண்டாலும் அப்படித்தான். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போகச் சொல்லி முதலாளியை வற்புறுத்துங்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற மாட்டு ஊசி எதையும் நீங்களாகப் போடாதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பாதுகாப்பான சில மருந்துகள் ஒட்டகத்துக்கு நஞ்சு. ரத்த ஒட்டுண்ணிக்கு மாட்டுக்குப் போடும் டிமினாசின் அவற்றில் ஒன்று. கோழித் தீவனமும் ஆகாது. அதில் கலக்கிற சலினோமைசின், மொனென்சின் இரண்டும் ஒட்டகத்தின் இதயத் தசையையும் உடல் தசையையும் சிதைக்கும். மிச்சத் தீவனம் என்று பக்கத்துப் பண்ணையிலிருந்து மூட்டை வந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டு பிரியுங்கள்.

இனி வெயில். உங்கள் முதலாளி சொல்வது வளர்ந்த ஒட்டகத்துக்குப் பொருந்தும். 1950-களில் குனூட் ஷ்மித்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் அல்ஜீரியாவின் பாலைவனத்தில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார். தாகத்தில் இருக்கும் ஒட்டகம் விடியற்காலையில் உடல் வெப்பத்தை 34 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கி, பகலில் 40 டிகிரிக்கு மேல் ஏறவிட்டு, வியர்வையை மிச்சம் பிடிக்கிறது என்று அவர் கண்டார். பகலெல்லாம் வெப்பத்தைச் சேமித்து, இரவில் குளிர்ந்த காற்றில் விட்டுவிடுகிறது. இந்த வித்தைக்குப் பெரிய உடம்பு வேண்டும். தாய்க்கு 450, 500 கிலோ இருக்கும். உங்கள் கன்றுகள் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. சின்னப் பாத்திரத்துத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிற மாதிரி, கன்றின் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். தாயின் வயிற்றில் இரைப்பை நிறைய ஈரத் தீனி கிடக்கும், அதுவே ஒரு நீர்த்தொட்டி. இரண்டு மூன்று மாதக் கன்றுக்கு அந்த இரைப்பை இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஆகவே பத்து மணிக்குப் படுத்துவிடுகிற உங்கள் கன்றுகளைச் சோம்பல் என்று நினைத்து எழுப்பி ஓட்டாதீர்கள். அவை செய்வதுதான் சரி, அதை வெட்டவெளியில் செய்ய நேர்வதுதான் ஆபத்து.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதைப் பட்டிக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. ஐந்தாறு மாதம் வரை கன்றுக்கு மேய்ச்சல் என்பது பாதி பழக்கம், பாதி தீனி. உயிரைத் தாங்குவது தாய்ப்பால். தாய் தண்ணீர் இல்லாமல் கிடந்தால் அந்தப் பால் என்ன ஆகிறது? ரூவென் யாகில் நெகேவ் பாலைவனத்து ஒட்டகங்களில் இதைச் சோதித்து 1980-ல் வெளியிட்டார். தண்ணீரைக் குறைத்தபோது பால் சுரப்பு நின்றுவிடவில்லை. ஆனால் பாலில் 86 விழுக்காட்டை ஒட்டியிருந்த நீர் 91-க்கு ஏறியது, 4.3 விழுக்காடு இருந்த கொழுப்பு 1.1-க்கு இறங்கியது. தாய் தன் தாகத்தைப் பொறுத்துக்கொண்டு கன்றுக்குத் தண்ணீர் அனுப்புகிறது. கன்று தாகத்தில் சாகாது, ஆனால் மெலியும். மடி நிறைந்திருக்கும், கன்றும் குடித்துக்கொண்டே இருக்கும், விலா எலும்பு மட்டும் எண்ணுகிற மாதிரி தெரியும். “பால் இருக்கிறதே, அப்புறம் ஏன் தேறவில்லை?” என்று யாராவது கேட்டால் தொட்டியைப் பாருங்கள்.

எனவே கன்றின் மேய்ச்சலைத் திட்டமிட வேண்டும் என்றால் முதல் வேலை தாய்க்குத் தண்ணீர். குளிர்காலத்தில், பசுந்தழை கிடைக்கும்போது, வாரக்கணக்கில் குடிக்காமல் இருக்கிற பிராணிதான். பால் கொடுக்கிற தாய்க்குக் கோடையில் அந்தக் கணக்கு செல்லாது. கன்றோடு இருக்கிற தாய்களுக்குத் தினமும் தண்ணீர் காட்டுங்கள். ஒன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் வரை குடிக்கும். லாரித் தண்ணீர் காசு என்று முதலாளி யோசித்தால், கன்று இல்லாத ஒட்டகங்களுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம், கன்று ஈன்றவற்றில் கை வைக்க வேண்டாம். தொட்டி நிழலில் இருக்கட்டும். கன்றுகளுக்கு என்று முழங்கால் உயரத்தில் தனியாக ஒரு தொட்டி வையுங்கள். பெரியவை முட்டித் தள்ளும்போது கன்று ஒதுங்கி நின்று குடிக்காமலே திரும்பிவிடும். வெயிலில் கிடக்கிற குழாய்க்குள் முதலில் வருகிற கொதிநீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

நேரக் கணக்கு கேட்டீர்கள். செப்டம்பர் நடுவரைக்கும் இப்படி வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் வந்ததும் ஐந்து மணிக்குப் பட்டியைத் திறங்கள். எட்டு, மிஞ்சினால் எட்டரைக்குள் கன்றுகள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். காலையில் தொலைவில் இருக்கிற மேய்ச்சலுக்கு முதலில் நடத்திப் போய், அங்கிருந்து பட்டியை நோக்கி மேய்த்துக்கொண்டே திரும்புங்கள். வெயில் ஏறும்போது வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டி வாசலிலிருந்து மேய்த்துக்கொண்டே போய், பத்து மணிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போது கன்று படுத்துவிடுகிறது. மூன்று மாதத்துக்குள் இருக்கிற கன்றை ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து மாதக் கன்று இரண்டு கிலோமீட்டர் தாங்கும். உங்கள் பகுதியில் அரபிக் கடலிலிருந்து ஈரக்காற்று வந்து விடியலில் பனி இறங்குகிற நாட்கள் உண்டு. அந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள், தழையோடு ஒட்டிய ஈரமும் கன்றுக்குச் சேரும்.

மாலையில் ஐந்தரைக்கு முன்னால் கிளப்ப வேண்டாம். கடிகாரத்தைவிட மணல் நம்பகமானது. நண்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், சூரியன் சாய்ந்த பிறகும் வெகுநேரம் சூடு இறங்காது. குனிந்து புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள். பத்து வரை எண்ண முடியாமல் கையை எடுத்தால் கன்றுக்கும் நேரம் ஆகவில்லை.

காலை மூன்று, மூன்றரை மணி, மாலை இரண்டு மணி. கன்றுக்கு இது போதும், தாய்க்குப் போதாது. தாய்க்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் மேய்ச்சல் வேண்டும், வறண்ட இடத்தில் இன்னும் கூடும். இதற்கு ராஜஸ்தானின் ராய்க்கா மேய்ப்பர்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. இளங்கன்றுகளைப் பட்டியில் நிறுத்திக்கொண்டு தாய்களை மட்டும் அனுப்புவார்கள். கன்று இங்கே இருப்பதால் தாய் வழி தவறாமல் தானே திரும்பிவரும். நீங்களும் கன்றுகளை அடைத்த பிறகு, நிலா வெளிச்சத்தில் தாய்களை இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் விடலாம், சாலை இல்லாத பக்கமாக. ஓமானில் இரவில் ஒட்டகத்தின் மேல் வண்டி மோதி ஒட்டகமும் ஆளும் சாவது அடிக்கடி நடப்பது. அந்த வசதி இல்லையென்றால் பகலில் நிழலிலேயே தாய்களுக்குத் தீனி போட்டு ஈடுகட்டுங்கள்.

நிழலுக்கு மரத்தை மிஞ்சியது இல்லை. தகரக் கொட்டகை என்றால் மேலே பேரீச்ச ஓலையைப் பரப்புங்கள், நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். கன்றுகள் கால்களை உடம்புக்குக் கீழே மடித்து, முகத்தைச் சூரியன் பக்கம் வைத்து, ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருக்கும். நெரிசல் என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள். வெயில் படுகிற பரப்பைக் குறைத்துக்கொள்ளத்தான் அப்படிப் படுக்கின்றன.

செடிகளைப் பற்றிச் சொல்கிறேன், இதில் உங்களுக்குத் தெரிந்ததே நிறைய. அங்கே காஃப் என்று சொல்கிற மரம் நம் வன்னிதான். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்பதும், ராஜஸ்தானில் கேஜ்ரி என்று கும்பிடுகிறதும் அதே மரம். உங்கள் மணல்பகுதியின் ஓரத்தில் அது காடாகவே இருக்கும். தழையில் புரதம் உண்டு, துவர்ப்பும் உண்டு. அதையே தின்றால் கன்றுக்கு மலம் இறுகும். கோடையில் உதிர்கிற காய் மிக நல்லது. ஸமுர் என்பது உங்கள் ஊர் உடைமரத்தின் சாதி. ஸித்ர் இலந்தை வகை. ரிம்த் என்கிற உப்புச்செடியும் வேண்டும், ஒட்டகத்துக்கு மற்ற கால்நடைகளைவிடப் பல மடங்கு உப்பு தேவை. ஆனால் இளங்கன்று, போதிய தண்ணீர் இல்லாமல், உப்புச்செடியையே தின்றால் வயிறு இளகிவிடும். உங்கள் கன்றின் கழிச்சலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அது எந்தப் பக்கம் மேய்ந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

ஒட்டகம் ஒரே செடியில் நின்று மேயாது. இங்கே இரண்டு வாய், அங்கே இரண்டு வாய் என்று நடந்துகொண்டே இருக்கும். ஒரு செடியின் துவர்ப்பும் உப்பும் அளவு மீறாமல் இருப்பதற்கு அதுவே காப்பு. கன்று அதைத் தாயின் வாயைப் பார்த்துத்தான் கற்கிறது. தாய் கடித்த கிளையையே முகர்ந்து, உதட்டால் உருட்டிப் பார்த்து, பாதியைத் துப்பிவிட்டு, மறுபடி கடிக்கும். ஆகவே கன்றுகளை மட்டும் தனிமந்தையாக ஓட்டாதீர்கள். அனுபவமுள்ள தாய்கள் கூட இருக்கட்டும்.

ஆகாதவற்றில் முதலாவது அரளி. ஓமானின் மலை ஓடைகளில் தானாக வளர்ந்து நிற்கும். சில இலைகளே கன்றைக் கொல்லும். எருக்கும் ஆகாது. ஹர்மல் என்று சொல்கிற, வெள்ளைப் பூப்பூக்கும் குத்துச்செடியைப் பெரிய ஒட்டகங்கள் தொடாது. பசித்த கன்று தொட்டுவிடும். சீமைக்கருவேலம் அங்கும் வந்து சேர்ந்திருக்கிறது, குவைஃப் என்பார்கள். அதன் காய் இனிப்பு, கொஞ்சமாகத் தின்றால் பரவாயில்லை. அதையே நீண்டகாலம் தின்ற ஆடு மாடுகளுக்குத் தாடை நரம்பு கெட்டு மெல்ல முடியாமல் போவது நன்றாகத் தெரிந்த விஷயம். பட்டியைச் சுற்றிப் பறக்கிற பிளாஸ்டிக் பைகளையும் நஞ்சுப் பட்டியலில் சேருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் செத்த ஒட்டகங்களின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பைகளும் கயிறுகளும் உப்போடு இறுகிக் கல்லாகக் கிடந்தது பதிவாகியிருக்கிறது. அது கரையாது, கழியாது.

காஃப் மரங்களின் கீழே நின்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். தழை ஒரே மட்டத்தில் வெட்டியதுபோல் நிற்கும். அதுதான் பெரிய ஒட்டகத்தின் வாய் எட்டுகிற உயரம், மூன்று மீட்டருக்குக் குறையாது. அதற்குக் கீழே நிற்கிற கன்றுக்கு மரத்தில் தழை இருந்தும் இல்லை. பச்சை மரம் என்று நம்பிக் கன்றை அங்கே விடுவோம், அது வெறும் தண்டை மோந்துகொண்டு நிற்கும். மணலைத் தின்கிற உங்கள் கன்றுக்குப் பசி ஒரு காரணமாக இருக்கலாம். தாது உப்புக் குறைவு இன்னொரு காரணம். தாது உப்புக் கட்டி ஒன்றை நிழலில், கன்றுக்கு எட்டும்படி தொங்கவிடுங்கள். தீனியைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் போடுங்கள். தரையில் சிந்திய தவிட்டைப் பொறுக்கப் போய்த்தான் பல கன்றுகள் மணல் தின்னப் பழகுகின்றன. வயிறு உப்பி, சாணம் நின்றுபோனால் மணல் அடைத்துக்கொண்டது என்று பொருள். அது மருத்துவர் வேலை.

கன்றுக்கு எட்டுகிற புதர்களைக் கன்றுக்கென்று விட்டுவைக்க வேண்டும். அரபு நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஹிமா என்று மேய்ச்சலை ஒதுக்கிக் காக்கிற முறை அவர்களுடைய பழைய ஏற்பாடு. பட்டியைச் சுற்றி ஒரு கிலோமீட்டரைக் குளிர்காலம் முழுக்கப் பெரிய ஒட்டகங்கள் தொடாமல் பார்த்துக்கொண்டால், கோடையில் கன்றுக்கு வாசலிலேயே மேய்ச்சல் இருக்கும். இந்த வருஷம் காலம் கடந்துவிட்டது. வரும் அக்டோபரில் முதலாளியிடம் பேசுங்கள், ஹிமா என்ற அவருடைய சொல்லிலேயே பேசுங்கள். கன்றுக்காகக் காஃப் கிளையை வெட்டிப்போட மட்டும் நினைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் மரத்தை வெட்ட ஓமான் சட்டம் இடம் தராது, அந்த மரமே உங்கள் நிழலும்.

பற்றாக்குறைக்குக் குதிரைமசால் போடலாம். பசுமையாக அல்ல, உலர்த்தியதாக, ஒரு கைப்பிடியில் தொடங்கிப் பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். ரோட்ஸ் புல்லோடு கலந்தால் நல்லது. பார்லியும் பேரீச்சம்பழமும் தாய்க்கு அளவாக இருக்கட்டும். கன்றுக்கு அள்ளிக் கொடுத்தால் இரைப்பை புளித்துப்போகும்.

போன வருஷத்துக் கன்றுகளை இப்போது பால் மறக்கடிக்க வேண்டாம். ஒட்டகம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் ஈனும். அந்தத் தாய்கள் சினையாக இருந்தால் அவையே கன்றை உதறிவிடும், அதைத் தடுக்க முடியாது. மற்றவற்றுக்குக் கோடை முடியட்டும். ஆகஸ்ட் கடைசியில் விடியற்காலையில் சுஹைல் தெரிந்ததும் வெயில் தணியும் என்பது அங்குள்ளவர்கள் கணக்கு, நம் அகத்திய நட்சத்திரம்தான் அது. அதற்கும் ஒரு மாதம் தள்ளித் தொடங்குங்கள். கன்றின் மூக்கில் முள் கட்டுவது, குச்சி குத்துவது வேண்டாம். புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு தசைக்குள் துளைத்துவிடும். மடிக்கு வலைப்பை கட்டுங்கள். முதலில் நான்கு காம்பில் இரண்டைக் கன்றுக்கு விட்டு, பிறகு ஒன்றை, பிறகு இரவில் மட்டும் என்று குறையுங்கள்.

முதலாளியை வாயால் வெல்வது கடினம். ஒரு தையல்காரர் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை ஒவ்வொரு கன்றுக்கும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள், எப்போதும் காலையில், தண்ணீர் காட்டும் முன். நிழலில் நிற்கிற கன்றுகளும் வெயிலில் நடந்த கன்றுகளும் எப்படி வளர்ந்தன என்பதை இரண்டு மாதத்தில் அந்த நோட்டு காட்டும். ஒட்டக வளர்ப்பில் பழுத்தவர் எண்ணை மதிப்பார்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெட்டவெளி வேலையை நிறுத்த வேண்டும் என்று ஓமானில் தொழிலாளர் விதி உள்ளது. மந்தை நிழலில் இருக்கிற நேரம் நீங்களும் நிழலில் இருங்கள், கன்றுக்குக் கரைக்கிற அதே உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குடியுங்கள். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், கையுறை போட்டுக் குறடால் எடுங்கள். கிரிமியன்-காங்கோ காய்ச்சல் அதன் வழியாக வரும். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், எவ்வளவு அன்போடு கொடுத்தாலும். 2012-ல் கண்டுபிடிக்கப்பட்ட மெர்ஸ் கிருமி ஒட்டகங்களில் இருக்கிறது, இரண்டு வயதுக்குட்பட்டவைதான் அதை அதிகம் வெளியேற்றும். கன்றின் மூக்குச் சளி பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சளி பிடித்த கன்றைக் கையாளும்போது முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள். காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போது முதல் வார்த்தையாக, ஒட்டகக் கன்றுகளோடு வேலை செய்கிறேன் என்று சொல்லுங்கள்.